ஆலோசகரின் முகம் யாருக்காக?

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை நிற்கும் சாலைக்குப் பெயரே ஒசூர் சாலைதான். அதைப் பிடித்து இந்தப் பக்கம் வந்தால் மாநில எல்லை, பிறகு ஒசூர், ஒசூரை ஒட்டித் தொரப்பள்ளி. 1878இல் ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இப்போது அரசு பராமரிக்கும் நினைவில்லம். நாட்டின் தலைசிறந்த மனநல மருத்துவமனைக்கும் இந்த ஊருக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் இங்கிருந்து சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற ஒருவர், ராத்திரி தூக்கம் வரவில்லை, மனசு பாரமாக இருக்கிறது என்று அங்கே போக நினைத்தால் கதை வேறு. ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நெரிசலில் ஊர்ந்து, ஓ.பி. வரிசையில் நின்று, ஷிப்டையும் அன்றைய சம்பளத்தையும் விட்டுத்தான் திரும்ப முடியும். இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னால் இன்னொரு நாளும் போகும். பெரும்பாலானோர் முதல் நாளே கிளம்புவதில்லை. நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநலக் கோளாறு உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று டெலி மானஸ் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டு, மொழியைத் தேர்ந்தெடுத்தால் ஆலோசகர் பேசுவார். தலைமை மையம் அதே நிம்ஹான்ஸ். தமிழ்நாட்டில் அதே ஆண்டு 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இந்தச் சேவை வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 உலக மனநல நாளில், வீடியோ அழைப்பும் சேர்க்கப்பட்டது. முதலில் அதைப் பெற்றவை கர்நாடகம், ஜம்மு காஷ்மீர், தமிழ்நாடு. அதாவது ஜூஜூவாடிச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இதற்கிடையில் தனியார் செயலிகளும், தொழிற்சாலைகள் தம் ஊழியர்களுக்கு ஏற்பாடு செய்து தரும் ஆன்லைன் கவுன்சலிங்கும் பெருகிவிட்டன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எண்ணம் கேள்வியின்றி ஓடுகிறது: குரலைவிட முகம் உயர்ந்தது, ஆலோசகர் முகம் தெரிந்தால்தான் பரிவு வந்து சேரும், வீடியோ இல்லாத கவுன்சலிங் அரைகுறை. இந்த எண்ணத்துக்கு ஆதாரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டிய நேரம் இது. பணமும் பயிற்சியும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை இந்த விடைதான் தீர்மானிக்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டெலி மானஸில் வீடியோ வந்தபோது சொல்லப்பட்ட காரணம், ஆலோசகரிடமிருந்து நிபுணருக்கு மாற்றப்படும் அழைப்புகளில் நோய் வரலாற்றைத் தெளிவாகக் கேட்கவும், மனநிலைப் பரிசோதனை செய்யவும் உதவும் என்பது. நியாயமான காரணம். முகம் வாடியிருக்கிறதா, கண் எங்கே போகிறது, உடை எப்படி இருக்கிறது, கை நடுங்குகிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் இது நோயாளியின் முகத்தை மருத்துவர் பார்ப்பதற்கான ஏற்பாடு. மருத்துவர் முகத்தை நோயாளி பார்ப்பதால் என்ன ஆகிறது என்பது தனிக் கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் சேர்த்து எழுதிவிடுகிறோம். நான் எடைபோட விரும்புவது இரண்டாவதை.

கவுன்சலிங்கில் பரிவு முக்கியமா என்பதில் சந்தேகமே வேண்டாம். கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மனமாற்றம் நிகழத் தேவையான ஆறு நிலைகளில் பரிவையும் வைத்தார். கடைசி நிலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அந்தப் பரிவு எதிரே இருப்பவருக்குக் கொஞ்சமாவது உணரக் கிடைக்க வேண்டும். ஆலோசகர் உள்ளுக்குள் உருகினால் போதாது. ராபர்ட் எலியட்டும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் 82 ஆய்வுத் தொகுதிகளை, சிகிச்சை பெற்ற 6,000க்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, பரிவுக்கும் சிகிச்சைப் பலனுக்கும் இடையிலான தொடர்பு 0.28 என்று வந்தது. பலனில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 8 சதவீதம். சின்ன எண்ணாகத் தோன்றலாம். உளசிகிச்சை ஆய்வுகளில் தனியொரு காரணிக்கு இது பெரிய எண். ஆலோசகர் தன் பரிவுக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைவிட, சிகிச்சை பெற்றவர் போட்ட மதிப்பெண்தான் பலனை நன்றாகக் காட்டியது. ஆகவே பரிவுக்கு நீதிபதி கேட்பவர்தான். ஆலோசகரின் முகம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதை ஆலோசகரின் பக்கமிருந்து அளப்பதில் பொருளில்லை.

சரி, கேட்பவருக்கு அந்தப் பரிவு எந்த வழியாக வந்து சேர்கிறது? முகத்துக்கு ஆதரவான சாட்சி வலுவானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்வீடன் நாட்டு உல்ஃப் டிம்பெர்க் 1980களிலிருந்து செய்த சோதனைகளில், சிரித்த முகத்தைப் பார்ப்பவரின் கன்னத் தசையும் கோப முகத்தைப் பார்ப்பவரின் புருவத் தசையும் அவரறியாமலே அசைவது மின்முனைகளில் பதிவானது. முகம் முகத்தைத் தொடுகிறது என்பது உண்மை. எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்த சோதனை இன்னும் அழுத்தமானது. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சொல்லிவைத்தபடி, திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது; பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்கிறது. சில நிமிஷம்தான். பார்க்கிற நமக்கே நெஞ்சு அடைக்கும். அசையாத முகம் காயப்படுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் இந்தச் சோதனை சொல்வது என்ன? முகத்தில் நல்ல பாவம் வேண்டும் என்றா, பதில் வேண்டும் என்றா? இதைப் பிரித்தறிய 1985இல் லின் மரேயும் கோல்வின் ட்ரெவார்த்தனும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அது இன்றைய வீடியோ கவுன்சலிங்குக்கு முன்னோடி போலவே இருக்கிறது. இரண்டு மாதக் குழந்தை ஓர் அறையில், தாய் இன்னோர் அறையில், இடையில் வீடியோத் திரை. நேரலையாக இருக்கும்வரை இருவரும் நன்றாகக் கொஞ்சிக்கொண்டார்கள். பிறகு, சற்றுமுன் பதிவான தாயின் முகத்தையே மறுபடி ஓட்டினார்கள். அதே தாய், அதே சிரிப்பு, அதே கனிவு. ஆனால் குழந்தை செய்வதற்கும் அந்த முகம் செய்வதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைகள் கலங்கின. பின்னால் இதைத் திரும்பச் செய்தவர்களில் எல்லாருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இந்தச் சோதனை எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. பரிவு முகத்தின் சாயலில் இருக்கிறதா, அல்லது நான் ஒன்று செய்ததும் எதிரே ஒன்று நிகழ்கிற அந்தப் பொருத்தத்தில் இருக்கிறதா?

பொருத்தத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். பெர்ன் நகரில் ஃபேபியன் ராம்ஸேயரும் வோல்ஃப்காங் சாக்கரும் உளசிகிச்சை அமர்வுகளின் வீடியோவை எடுத்து, இருவரின் உடலசைவு ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்து போகிறது என்று கணினியால் அளந்தார்கள். 2011இல் வந்த அந்த ஆய்வில், உறவு நன்றாக இருந்ததாக நோயாளிகள் சொன்ன அமர்வுகளில் இந்த இசைவு கூடுதலாக இருந்தது. கணினி அளந்தது அசைவின் நேரப் பொருத்தத்தை. எந்த பாவம் அழகானது என்று அது பார்க்கவில்லை. இன்னொரு பக்கம், லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் உடனாய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட பெரிய மதிப்பாய்வு, முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியை நம்பகமாகப் படித்துவிட முடியாது என்று முடிவு சொன்னது. கோபத்தில் எல்லாரும் புருவத்தை நெரிப்பதில்லை; புருவத்தை நெரித்தவர் எல்லாரும் கோபத்திலும் இல்லை.

இந்த இடத்தில் தொல்காப்பியத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துச் சொல்லும் மெய்ப்பாட்டியல், முடிவில் அவற்றை யார் அறிய முடியும் என்றும் சொல்கிறது. கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணர்கிறவர்க்கே அது கூடும். கண்ணோடு செவியையும் அங்கே வைத்திருப்பதை நம் காலம் பாதியாக்கி, கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது.

செவியின் பங்குக்கு இன்றும் சாட்சி உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிராஸ் 2017இல் ஐந்து சோதனைகளின் முடிவை வெளியிட்டார். குரலை மட்டும் கேட்டவர்கள், முகத்தையும் குரலையும் சேர்த்துப் பெற்றவர்களைவிட, அடுத்தவர் உணர்ச்சியைச் சரியாகக் கணித்தார்கள். முகம் காட்டவும் செய்யும், மறைக்கவும் செய்யும். குரலை அவ்வளவு எளிதாக மறைக்க முடிவதில்லை என்பது ஒரு விளக்கம். குரலை மட்டும் கேட்கும்போது கவனம் சிதறாது என்பது இன்னொன்று. இவை அமெரிக்காவில் நடந்தவை, சிகிச்சை அறையில் நடந்தவையும் அல்ல. அதனால் இதை மட்டும் வைத்து நான் தீர்ப்பு எழுதவில்லை.

நம்மூரில் இதற்குப் பழைய சாட்சி துக்க வீடு. சாவு விழுந்த வீட்டுக்கு வருகிற பெண் வாசலிலேயே குரலெடுத்துவிடுவாள். உள்ளே உட்கார்ந்திருப்பவள் எழுந்து வந்து கட்டிக்கொள்வாள். ஒருத்தி தோளில் மற்றவள் முகம் புதைந்துவிடும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஒருத்தி ஒப்பாரியில் ஓர் அடி எடுக்க, மற்றவள் அதைத் தாங்கி அடுத்ததைச் சொல்ல, உடம்பு இரண்டும் ஒரே அசைவில் ஆடும். துக்கத்தைப் பங்கிட நம் பெண்கள் கண்டெடுத்த அந்த வழியில் முகத்துக்கு வேலையில்லை. குரலும் தொடுகையும் நேரப் பொருத்தமும்தான் அங்கே எல்லாம். வியன்னாவில் ஃப்ராய்ட் நோயாளியைச் சாய்விருக்கையில் படுக்கவைத்து, தலைப்பக்கம், கண்ணில் படாமல் உட்கார்ந்தார். நாள் முழுக்கப் பிறர் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்று 1913இல் அவரே எழுதியிருக்கிறார். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா, தற்கொலை எண்ணத்தோடு கூப்பிடுகிறவர்களை இன்றுவரை பெரும்பாலும் தொலைபேசியில் தன்னார்வலர் குரலாலேயே தாங்கிக்கொண்டிருக்கிறது. முகமில்லாத பரிவு எதற்கோ மாற்றாக வந்ததல்ல. அது தன் காலில் நிற்கிற ஒரு முறை.

இப்போது திரைக்கு வருவோம். நார்வுட்டும் உடனாய்வாளர்களும் 2018இல் செய்த தொகுப்பாய்வு, வீடியோ வழி சிகிச்சையையும் நேரடிச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. நோயறிகுறி குறைவதில் வீடியோ பின்தங்கவில்லை. ஆனால் ஆலோசகரோடான பிணைப்பு சற்றுக் குறைவாக இருந்தது. அதில் சேர்ந்த ஆய்வுகள் சிலவே, எனவே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் திசை புரிகிறது. திரையில் முகம் தெரிந்தும் பிணைப்பு குறைகிறது என்றால், அந்த முகம் முழுமையாக வேலை செய்யவில்லை. காரணமாகப் பலரும் சொல்வது கண்: கேமரா மேலே, எதிராளி முகம் கீழே, எனவே கண்ணுக்குக் கண் சந்திப்பதே இல்லை. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடெரிக் க்ரோந்தேனும் ஃபிலிப் ஜாக்ஸனும் உள்ளிட்ட குழு இதைச் சோதித்தது. கண் சந்திப்பு குலைந்தாலும் பார்ப்பவர்கள் அதை மனத்தில் ஈடுகட்டிக்கொண்டு ஆலோசகரின் பரிவை மதிப்பிட்டார்கள். கேமராவை எந்த உயரத்தில் வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று ஆலோசகர்களுக்கு நடத்தும் வகுப்புகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையில்லை என்று இதைப் படித்தபோது தோன்றியது.

கண் ஈடாகிவிடுகிறது. நேரம்தான் ஈடாவதில்லை. சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுக்கும் இடைவெளி, உலகின் பத்து மொழிகளை வைத்து 2009இல் செய்த ஆய்வில், சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. வீடியோ அழைப்பில் நெட்வொர்க் திணறினால் அந்த இடைவெளி பல மடங்காகிவிடும். 2014இல் ஜெர்மனியில் கத்ரின் ஷோனன்பெர்க் குழு காட்டியது இங்கே மிக முக்கியம்: கருவி உண்டாக்கும் தாமதத்தைப் பேசுகிறவர்கள் கருவியின் மேல் போடுவதில்லை, எதிரே பேசுகிறவர் மேல் போடுகிறார்கள். கவனமில்லாதவர், ஒட்டாதவர் என்று நினைத்துவிடுகிறார்கள். நல்ல ஆலோசகரும், மோசமான இணைப்பும் சேர்ந்தால் கேட்பவருக்குக் கிடைப்பது பரிவற்ற ஆலோசகர்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தம்பி சாலை விபத்தில் போன பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. கம்பெனி ஏற்பாட்டில் ஆன்லைன் கவுன்சலிங். விடுதி அறையில் ஆறு பேர். இரண்டு பேர் எப்போதும் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் மொட்டைமாடிப் படிக்கட்டில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி உட்கார்ந்து, காதில் இயர்போனோடு பேசுவாள். "வீடியோ ஆன் பண்ணுங்க, அப்பதான் நல்லா இருக்கும்" என்பது அந்தப் பக்கத்து வேண்டுகோள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியின் செருப்பைக் கையில் கொடுத்ததை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, படம் உறைந்துவிட்டது. அதற்குச் சற்றுமுன் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாய் திறந்த ஆலோசகரின் முகம், பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது, நல்ல குரல். "அவங்க சிரிக்கலைன்னு எனக்குத் தெரியுங்க. ஆனா அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே மேல சொல்ல வரல" என்றாள். அடுத்த முறை வீடியோ வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். செருப்புக் கதையை அப்போதுதான் முடித்தாள்.

ஒரு பெண்ணின் அனுபவத்தை வைத்து விதி சொல்ல முடியாது. ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஒன்றுகூடுகிற இடம் அந்தப் படிக்கட்டு. உறைந்த திரை என்பது ட்ரோனிக்கின் அசையாத முகம். தாமதமாக வரும் தலையசைப்பு என்பது மரே ஓட்டிய பழைய பதிவு. அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: திரையின் மூலையில் தெரியும் தன் முகம். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் வீடியோ அழைப்புச் சோர்வுக்குச் சொன்ன நான்கு காரணங்களில், நெருக்கமாக உற்றுப் பார்க்கும் முகங்களும், ஓயாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதும் இரண்டு. அழுகிறவர் தன் அழுகையையே கண்ணாடியில் போலப் பார்த்துக்கொண்டு அழ வேண்டியிருப்பது கொடுமை. பின்னால் தெரியும் கட்டில், கொடியில் காயும் துணி, கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அறைத்தோழி, இவையெல்லாம் வேறு. இது கம்பெனி ஏற்பாடு, மேலே யாருக்காவது போகுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டால், வீடியோ அவளுக்குக் காட்டுவதைவிட அவளிடமிருந்து எடுத்துக்கொள்வதே அதிகம்.

முகத்துக்கு ஆதரவாக எஞ்சி நிற்கும் வலுவான வாதம் மௌனம். நேரில், அழுகிறவர் முன்னால் ஆலோசகர் ஒன்றும் பேசாமல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம். முகம் அந்த மௌனத்தைத் தாங்கும். போனில் அதே மௌனம் "ஹலோ... லைன்ல இருக்கீங்களா?" என்ற கேள்வியில் உடைந்துவிடுகிறது. இந்தக் குறை உண்மையானது. இதற்கு நம்மிடம் பழைய கருவி ஒன்று இருக்கிறது. கதை கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும் என்று பாட்டிகள் கேட்டு வாங்கினார்களே, அது. "ம்", "சரிம்மா", "சொல்லுங்க, இருக்கேன்", "அழுங்க, அவசரமில்லை" என்று பேசுகிறவரின் மூச்சுக்கு ஏற்றபடி வந்து விழும் சின்னக் குரல்கள், முகம் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். பெரும்பகுதிதான், முழுவதும் அல்ல. நல்ல இணைப்பும் தனி அறையும் இருந்து, ஆளும் விரும்பினால், மௌனத்தைத் தாங்க முகம் குரலைவிடச் சிறந்தது. இதை நான் மறுக்கவில்லை.

காது கேளாதவர்களுக்கு முகமே மொழி; சைகை மொழியில் புருவமும் உதடும் இலக்கணமாக வேலை செய்கின்றன. அவர்களுக்கு வீடியோ அடிப்படை உரிமை. உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என்று தோன்றும் அழைப்பிலும், மனச்சிதைவு போன்ற நோய்களிலும் மருத்துவர் ஆளைப் பார்த்தாக வேண்டும். அங்கேயும் வீடியோ தனியாக வேலை செய்வதில்லை என்பதற்குப் புதுக்கோட்டை உதாரணம். சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010இல் அங்கே தொடங்கிய திட்டத்தில், திரை பொருத்திய பேருந்து ஊர் ஊராகப் போயிற்று. உள்ளே ஏறி உட்கார்ந்தால் சென்னையிலிருந்து மனநல மருத்துவர் திரையில் பேசுவார். மருந்து அங்கேயே கிடைக்கும். அது பலன் தந்தது. ஆனால் அந்தத் திரை முகத்துக்குப் பக்கத்தில், நோயாளியின் அருகில், உள்ளூர்ப் பணியாளர் இருந்தார். மருந்தும் அங்கேயே கையில் வந்தது. கதவு சாத்திய வண்டி இருந்தது. அந்த வெற்றியைத் திரையின் கணக்கில் மட்டும் எழுதி, மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவளின் கைக்கு ஒரு செயலியைக் கொடுத்துவிட்டு இரண்டும் ஒன்று என்று சொல்வது சரியல்ல.

இன்னொரு ஆபத்து, பரிவான முகத்தைப் பாடமாக்குவது. இத்தனை நொடிக்கு ஒருமுறை தலையாட்டு, உதட்டை இப்படி வை, சோகமான இடத்தில் புருவத்தை உயர்த்து என்று ஆலோசகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் போக்கு வீடியோவோடு சேர்ந்து வளர்கிறது. சின்னத் திரையில் முகம் மட்டுமே தெரிவதால் அதை மிகைப்படுத்தினால் போய்ச் சேரும் என்பது அதன் தர்க்கம். முகம் உணர்ச்சியின் நம்பகமான அடையாளம் இல்லை என்று பாரெட் குழு காட்டிய பிறகு, இதற்கு அடித்தளமே கிடையாது. அடுத்த கட்டமாக, முகத்தைப் படித்து உணர்ச்சியைச் சொல்லும் மென்பொருளை இதில் நுழைப்பார்கள். பணியிடத்தில் அத்தகைய மென்பொருளை ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2025 பிப்ரவரி முதல் சில மருத்துவ, பாதுகாப்பு விலக்குகளோடு தடைசெய்திருக்கிறது. தொழிற்சாலை வழியாகக் கவுன்சலிங் வரும் ஒசூர் போன்ற ஊர்களில் நாமும் இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

முகத்தைப் பற்றி இவ்வளவு பேசும்போது, இந்த வட்டாரத்தில் அதைவிடப் பெரிய கேள்வி மொழி என்பது மறந்துபோகிறது. ஒசூர், தளி, பாகலூர், சூளகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் என்று வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். உருது பேசுகிறவர்கள் உண்டு. சிப்காட்டில் ஒடியாவும் இந்தியும் பேசுகிற இளைஞர்கள் அறைக்குப் பலராகத் தங்கியிருக்கிறார்கள். எந்த மொழியை அழுத்துவது என்று போனில் குரல் கேட்கும்போது, அலுவலுக்கான மொழி எது, அழுவதற்கான மொழி எது என்பது பலருக்கு ஒன்றல்ல. பேச்சு நடுவே தெலுங்குக்குத் தாவினால் அந்தப் பக்கம் தாவத் தெரிந்த ஆலோசகர் இருப்பது, உயர்தரக் கேமராவில் தெரியும் கனிந்த முகத்தைவிடப் பல மடங்கு பரிவு. டெலி மானஸ் 20 மொழிகளில் இயங்குவது பெரிய சாதனை. எல்லை மாவட்டங்களுக்கு இரண்டு மூன்று மொழி கலந்து பேசும் ஆலோசகர்கள் என்பது அதன் அடுத்த படியாக இருக்க வேண்டும். வீடியோவுக்கு முன்னால் இது.

என் தீர்ப்பு இது. ஆன்லைன் கவுன்சலிங்கில் ஆலோசகரின் முகபாவம் பரிவுக்கு உதவக்கூடியது, அவசியமானதல்ல. பரிவைச் சுமப்பது பதிலின் நேரமும் குரலும் சொல்லும். முகம் இவற்றோடு இசைந்து வரும்போது வலு சேர்க்கிறது. இணைப்பு திணறி இசைவு குலையும்போது அதே முகம் தீங்கு செய்கிறது. ஆகவே குரல் அழைப்பை அடிப்படையாகவும், வீடியோவை அழைப்பவர் கேட்டால் கிடைப்பதாகவும் வைக்க வேண்டும். வீடியோவில் தொடங்கி இணைப்பு திணறினால், உடனே படத்தை அணைத்துவிட்டுக் குரலில் தொடர்வதை விதியாக்க வேண்டும். நிபுணருக்கு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தால், ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்லி, சம்மதம் வாங்கி, தன் முகம் தனக்குத் தெரியாதபடி திரையை மாற்றிக்கொள்ளவும் சொல்லித்தர வேண்டும். அடுத்த முறை கூப்பிடும்போது அதே ஆலோசகரின் குரல் கிடைப்பது, எந்தப் படத்தரத்தையும்விட மேலானது. ஆலோசகர் பயிற்சியில் முகத்துக்குச் செலவாகும் நேரத்தை, உணர்ந்ததைச் சொல்லால் சொல்வதற்கும், மூச்சறிந்து உம் கொட்டுவதற்கும் மாற்ற வேண்டும்.

தொழிற்சாலைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செயலிக்குச் சந்தா கட்டுவதோடு கடமை முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு விடுதியிலும் கதவு சாத்தித் தாழிடக்கூடிய ஓர் அறை, ஒரு நாற்காலி, திணறாத இணைப்பு. பேசியது எதுவும் மனிதவளத் துறைக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி. அரசு ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இப்படியோர் அறையும், பக்கத்தில் உட்கார ஒரு செவிலியும் தந்தால், புதுக்கோட்டையில் நடந்தது தொரப்பள்ளியிலும் நடக்கும். அழைப்பு முடிந்து ஓரிரு நாள் கழித்து, அழைத்தவரின் மொழியிலேயே, ஆலோசகர் தன்னைப் புரிந்துகொண்டாரா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவைக் குரல் அழைப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் தனித்தனியாக, மாவட்ட வாரியாக வெளியிட்டால், நான் இங்கே எழுதியிருக்கும் தீர்ப்பு சரியா தவறா என்று கிருஷ்ணகிரி மாவட்டத்து எண்களே சொல்லிவிடும்.